பந்து யாரிடம் இருந்தது

எஸ்கனாபாவில் மார்ச் என்பது
இன்னொரு ஜனவரி.
பள்ளி ஜிம்முக்குள் மட்டும் பாப்கார்ன், வியர்வை,
சூடேறிய மோட்டார்களின் வாடை.
கோடு போட்ட சட்டையில் நான். கழுத்தில் விசில்.
கக்கத்தில் நூற்றுப் பதினெட்டுப் பக்க விதிப்புத்தகம்.
அதில் நான் நம்பித் தூங்கிய வரி ஒன்று உண்டு:
ஒரு நேரத்தில் ஒரு ரோபோ
ஒரு பந்தை மட்டுமே கொண்டிருக்கலாம்.

கொண்டிருத்தல்.
கவ்வினால் கொண்டது, சரி.
அணைத்துக்கொண்டு திரும்பினாலும் கொண்டது.
வழியில் கிடந்ததை முட்டிவிட்டுப் போனால் இல்லை.
முட்டி, ஒதுக்கி, தான் நினைத்த மூலைக்கே
ஓட்டிப் போனால் அது மேய்த்தல்;
மேய்த்ததும் கொண்டதே.
மூலையில் மடக்கிக் காவல் நின்றால்?
நவம்பரில் எட்டு நடுவர்கள்
இரண்டு மணி நேரம் பேசினோம்.
காபி ஆறியது மட்டுமே ஒருமனதாக நடந்தது.

அரையிறுதி. மூன்றாம் ஆட்டம்.
இன்னும் நாற்பத்தோரு வினாடி.
இஷ்பெமிங் பிள்ளைகளின் ரோபோ
வயிற்றில் ஒரு மஞ்சள் பந்தோடு ஓடுகிறது.
எதிரணி எறிந்த இன்னொன்று
வளையத்தின் விளிம்பில் பட்டு, எகிறி, இறங்கி,
அதன் முதுகில்
பேட்டரிக்கும் தூக்குக்கைக்கும் நடுவே
குந்திக்கொண்டது,
டிக்கெட் எடுக்காத பயணி.

விரல் மடக்கினேன்.
ஒன்று. ரோபோ இடமாகச் சுழன்றது. விழவில்லை.
இரண்டு. வலமாக. விழவில்லை.
மூன்று. நின்றது.
நான்கு.
நின்றேயிருந்தது.
பிறகு இரண்டையும் சுமந்துகொண்டு
நேராகக் கோட்டைத் தாண்டியது.

கொடியைத் தூக்கினேன்.
இரண்டு புள்ளியில் ஜெயித்திருந்தவர்கள்
மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

கேள்விக் கட்டத்துக்குள் ஒருவர்தான் வரலாம்.
ப்ரைடி ட்ரெவாரோ வந்தாள்.
பதினாறு வயது. கன்னத்தில் கிரீஸ்.
"நாங்கள் எடுக்கவில்லை, அதுவாக வந்தது.
எங்கள் மேல் இருந்தது என்பதும்
எங்களிடம் இருந்தது என்பதும்
ஒன்றா?"

இருபத்திரண்டு வருடமாக எனக்குக்
காகித ஆலை எடைமேடையில் வேலை.
மர லாரிகள் கட்டைகளின் மேல்
முழங்கால் உயரப் பனியோடு வரும்.
ஓட்டுநர் ஏற்றியதில்லை, வானம் ஏற்றியது.
எடை முள்ளுக்கு அது தெரியாது.
பெருக்கிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவேன்.
சிலர் பெருக்குவார்கள்.
சிலர் வளைவில் ஐந்து நிமிடம் நின்று
ஒரு சிகரெட் குடித்துவிட்டு வருவார்கள்.

"இரண்டு தடவை உதறியதைப் பார்த்தேன்," என்றேன்.
"அதற்கப்புறம் ரோபோ என்ன செய்தது?"

கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.
தூரத்தில் அவளுடைய ஓட்டுநன் வேய்னோ சால்மி
கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
"வேய்னோ கேட்டான்,
இன்னொரு தடவை சுத்தட்டுமா என்று.
நான்தான்,
இருக்கட்டும் என்றேன்."

நான் கேட்டது ரோபோவை.
மனசுக்கு அபராதம் போட
என் புத்தகத்தில் பக்கமில்லை.
அவள் சொல்லாவிட்டாலும் கொடி கொடிதான்.
சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று
அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

இருக்கட்டும்.
எட்டுப் பேரும் தேடிய வினைச்சொல் இதுவாக இருக்கலாம்.
எவ்வளவு லேசான சொல்.
எடைமேடையில் வைத்தால் முள் அசையாது.

இரவு ஒன்பதரை. வாகன நிறுத்தம்.
என் காரின் கூரையில் ஓர் அடிப் பனி.
முன் கண்ணாடியை மட்டும் வழித்துவிட்டு
உட்காரப் போனேன்.
நாலு கார் தள்ளி, இஷ்பெமிங் வேன்;
போர்வை சுற்றிய ரோபோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
ப்ரைடி நிமிர்ந்து பார்த்தாள்,
என்னையா, என் கூரையையா, தெரியவில்லை.

இறங்கி, துடைப்பத்தை எடுத்து,
முழுக் கூரையையும் பெருக்கினேன்.

அவள் பார்த்ததால் பெருக்கினேன்.
இதை எந்த விதியின் கீழ் எழுதுவது?